இதயத்தில் ஒன்றும் இல்லையாம், அப்புறம் ஏன் இந்தப் படபடப்பு?

திருப்பூரிலிருந்து 44 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். சாம்பிளுக்கு ஓகே வாங்குவதில் தொடங்கி, நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து, சொன்ன தேதியில் சரக்கு கிளம்பும் வரை பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். டையிங்கில் ஷேட் மாறினாலும் இவரைத்தான் கேட்பார்கள். தேதி தவறி விமானத்தில் அனுப்ப நேர்ந்தாலும் இவரைத்தான் கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட சமயத்தில் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். மூன்று பேர் பார்த்த வேலை அன்று முதல் இவர் தலையில்.

சில மாதங்களாக இரவில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரக்கிறது, மூச்சு போதவில்லை என்கிறார். இரண்டு முறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர் என்பதால் மனம் ஆறவில்லை. பகலில் ஏழெட்டு டீ, காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. வாரத்தில் மூன்று நான்கு நாள் தூக்கத்துக்காக ஒரு கட்டிங், அதாவது தொண்ணூறு மில்லி மது. உறவினர் ஒருவர் சொன்ன அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தெரிந்த மருந்துக்கடையில் வாங்கி நான்கு மாதமாகத் தினமும் போடுகிறார். வீட்டில் எதற்கெடுத்தாலும் கத்தல். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் முன்னால் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அவர் கேட்பவை: இது ஹார்ட்தானா? மாத்திரை பழகிவிடுமா? வேலையை விட்டுவிட்டு மச்சானோடு சேர்ந்து ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) போடலாமா? மனநல மருத்துவரிடம் போனால் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் தெரிந்துவிடுமா?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எண் போட்டுக் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன், நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: “சில ராத்திரி இப்படியே போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு தோணும்.” அடுத்த வரியிலேயே கேஸ் மாத்திரைக்குத் தாவிவிட்டீர்கள். என்னால் அப்படித் தாவ முடியவில்லை. சோர்வில் பலருக்கும் வரும் நினைப்புதான், அது வந்ததாலேயே நீங்கள் மோசமான நிலையில் இருப்பதாக அர்த்தமில்லை. ஆனால் அந்த நினைப்பு அடிக்கடி வந்தாலோ, எப்படி என்று மனம் வழி தேட ஆரம்பித்தாலோ, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேரே போகலாம். வீட்டில் மனைவியிடமாவது அந்த வரியை அப்படியே சொல்லுங்கள்.

சரி, நெஞ்சுக்கு வருவோம்.

‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிய மருத்துவர் மீது உங்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். இதயத்தில் அடைப்பு இருப்பதற்கான அறிகுறி இல்லை என்றுதான் அவர் சொல்ல வந்தார். உங்களுக்கு எதுவுமே நடக்கவில்லை என்று உங்கள் காதில் விழுந்துவிட்டது. நடப்பது இதுதான். இரவு பதினொன்றுக்கு போனில் மெயில் வந்த சத்தம் கேட்கிறது. திறந்து பார்ப்பதற்கு முன்பே அட்ரினலின் சுரக்கிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், குடல் வேலை மெதுவாகும், மூச்சு வேகமெடுக்கும். ஓடினால் அதெல்லாம் செலவாகிவிடும். நீங்களோ கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது அதனால்தான். இறுகிய நெஞ்சுத் தசை வலிக்கிறது. ‘அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது’ என்று நினைத்த உடனே இரண்டாம் சுற்று அட்ரினலின். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கும். நீங்கள் பைக்கை எடுத்து மருத்துவமனை போய்ச் சேரும்போது பாதி சரியாகியிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இந்தக் கணக்குதான்.

அதற்காக, இனி நெஞ்சில் என்ன வந்தாலும் டென்ஷன்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிடவும் கூடாது. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுவது, வலி இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மயக்கம் வருவது. இவற்றில் எது வந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள். டிரெட்மில் நார்மல் என்பது அன்றைய நிலவரம், வாழ்நாள் உத்தரவாதம் இல்லை. அப்பா விஷயத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால்தான் அதைப் பரம்பரை ஆபத்தாகத் தனியாகக் கணக்கில் எடுப்போம். உங்கள் அப்பா பீடி குடித்தவர், நீங்கள் புகைப்பதில்லை.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கவலைப்படாத இரண்டு எண்கள்தான். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் 148/96. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. பயத்தோடு ஓடிவந்தவருக்கு அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அந்த ஒரு எண்ணை நம்பி மாத்திரை தொடங்க முடியாது. மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85ஐத் தாண்டினால் பொதுநல மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையில் 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவுக்கு முந்தைய கட்டம். திரும்பக் கொண்டுவர முடியும், ஆனால் இரவு பத்தரைக்குப் பரோட்டா என்றால் முடியாது. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்காமல் விட்டிருந்தால் பார்த்துவிடுங்கள். இரண்டுமே படபடப்பைக் கொடுக்கக் கூடியவை.

வைத்தியம் என்று நினைத்துச் செய்பவை

உங்கள் ஒரு நாளை நீங்கள் எழுதியபடியே அடுக்கிப் பார்த்தேன். தூக்கம் போதாததால் காலையிலிருந்து பேக்கரி டீ. டீயால் நெஞ்செரிச்சல், அதற்குக் கேஸ் மாத்திரை. சாயங்காலம் ஆறு மணிக்கும் டீ. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் பதினொன்றுக்கும் அது உள்ளே இருக்கிறது. தூக்கம் வரவில்லை, அதனால் கட்டிங். கட்டிங் போட்டால் சீக்கிரம் கண் சொக்கும், உண்மைதான். ஆனால் அது உடம்பிலிருந்து இறங்கும் இரண்டு மூன்று மணிக்குத் தூக்கத்தைக் கலைத்துவிடும், இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும். நீங்கள் அவசரப் பிரிவுக்கு ஓடிய இரண்டு இரவுமே கட்டிங் போட்ட இரவுகள். கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தொண்ணூறு மில்லிதானே என்கிறீர்கள். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 30 கிராம்.

இவற்றில் எனக்குப் பயம் தருவது கட்டிங்கும் அல்பிரசோலமும் ஒரே இரவில் சேர்வது. இரண்டுமே மூளையின் சுவாச மையத்தை மந்தமாக்குபவை. இன்றிலிருந்தே இரண்டும் சேரக் கூடாது. விட வேண்டியது கட்டிங்கை. மாத்திரையை விடாதீர்கள்! கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் இருக்கிறது. நான்கு மாதம் தினமும் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், படபடப்பு முன்பைவிட அதிகமாகும், சிலருக்கு வலிப்பே வரும். பழகிவிடுமா என்று கேட்டீர்கள். பழகிவிட்டது. ஆனால் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே கொண்டுவரக் கூடியதுதான். அந்த வேலை முடியும் வரை அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த மருந்து எச்1 அட்டவணையில் இருப்பது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டுக்கு விற்றாலும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘தெரிந்த கடை’ உங்களுக்குச் செய்தது உதவி இல்லை. கட்டிங்கை நிறுத்திய மறுநாள் கை நடுக்கமோ கடும் வியர்வையோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

டீயை ஒரே நாளில் வெட்டினால் தலைவலி படுத்தும். தினசரி டீயில் ஒவ்வொரு வாரமும் இரண்டைக் குறைத்து, நாளுக்கு மூன்று டீயில் நிறுத்துங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். பேக்கரிக்குப் போவது டீக்காக மட்டும் இல்லை, ஆபீஸை விட்டுப் பத்து நிமிடம் வெளியே வருவதற்கும்தான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள், கையில் வேறு ஏதாவது டம்ளர் இருக்கட்டும். கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். டீயும் மதுவும் குறைந்த பிறகும் அது தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் நடப்பது

“நான் எவ்வளவு கஷ்டப்படறேன்னு அவளுக்குப் புரியவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில், “என் டென்ஷனை வீட்டுக்குக் கொண்டுபோறதில்லை, எதையும் சொல்றதில்லை” என்றும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்களே சேர்த்து ஒருமுறை படியுங்கள்.

அப்புறம் உங்கள் மனைவி சொன்னதாக ஒரு வாக்கியம். “உங்க வண்டி சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பிசையுது.” அதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு நோயாளி சொல்லும் அறிகுறியாகக் கேட்கிறது. பையரின் மெயில் சத்தம் உங்கள் உடம்பில் என்ன செய்கிறதோ, அதையே உங்கள் வண்டிச் சத்தம் அவர் உடம்பில் செய்கிறது. அதே அட்ரினலின், அதே வயிறு. நீங்கள் கேட்டைத் திறப்பதற்குள் அவர் டிவியை அணைத்து, பையனைப் புத்தகத்தோடு உட்காரவைத்து, இன்றைக்கு முகம் எப்படி இருக்கும் என்று காத்திருக்கிறார். மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது திமிர் என்கிறீர்கள். தட்டு தரையில் விழுந்த அன்றுதானே அது ஆரம்பித்தது?

மனஅழுத்தம் உங்கள் கோபத்துக்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது விலக்கு ஆகாது. டையிங் மாஸ்டர் ஷேடை மாற்றித் தொலைத்தபோது அவரிடம் தட்டைத் தள்ளவில்லை நீங்கள். எம்டியிடம் குரலை உயர்த்தவில்லை. அங்கே அடக்க முடிகிறது என்றால், அடக்கும் திறன் இருக்கிறது என்றுதான் பொருள். வீட்டில் அடக்காமல் போவதற்குக் காரணம், அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள் என்ற தைரியம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். கை ஓங்கும் கட்டம் இன்னும் வரவில்லை என்பதால்தான் இப்போதே சொல்கிறேன். அந்தக் கட்டம் வந்துவிட்டால் நான் முதலில் யோசிப்பது உங்கள் நிம்மதியைப் பற்றி இருக்காது, அவர்கள் இருவரின் பாதுகாப்பைப் பற்றித்தான் இருக்கும்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீளமாக வேண்டாம். “அன்னிக்குத் தட்டைத் தள்ளினது தப்பு. உன் மேல கோபமில்லை. அப்பா டாக்டரைப் பார்க்கப் போறேன்.” இவ்வளவு போதும். ‘ஆனா நீயும் போனை நோண்டிட்டு இருந்தே’ என்று ஒட்டுப்போட்டால் சொன்னது வீண். அவன் ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். போகட்டும்.

மனைவியிடம் ஷிப்மென்ட் கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டிக்கிச்சு, தலை சூடா இருக்கு, இருபது நிமிஷம் கொடு” என்றால் போதும். உங்கள் முகம் தொங்கியிருப்பதற்குத் தான் காரணமில்லை என்று தெரிந்தாலே அவர் வயிறு பாதி பிசையாது. அந்த இருபது நிமிடம் குளியலோ, மொட்டை மாடியோ, எதுவானாலும் போனை விட்டுவிட்டுப் போங்கள்.

வேலையை விடலாமா?

இதை நான் முடிவுசெய்ய முடியாது. ஆனால் தூக்கமில்லாமல், இரவில் மருந்தும் மதுவுமாக இருக்கும் ஒருவர், மூன்று மாதத்துக்காவது இப்படிப்பட்ட முடிவைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லலாம். பவர் டேபிள் (தையல் மெஷின்) வாங்கக் கடன், மச்சானோடு பணக் கணக்கு, ஆள் வராத திங்கட்கிழமை, பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் பேமென்ட். உங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இப்போது இரவில் மெயிலைப் பார்த்துப் பதறுபவர், அப்போது ஈஎம்ஐ மெசேஜைப் பார்த்துப் பதறுவார். ஜாப் ஒர்க் கெட்ட யோசனை என்று சொல்லவில்லை. ஓடிப்போகும் வழியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்கிறேன்.

அதற்கு முன், இருக்கும் வேலையில் ஒரு இடத்தைப் பிடித்துப் பார்க்கலாம். உங்கள் பெரிய பையர் ஜெர்மனியில். அங்கே மாலை ஆறு மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. நீங்கள் பதினொன்றுக்குப் போர்வைக்குள் இருந்து அனுப்பும் பதிலை அவர் படிப்பது பெரும்பாலும் மறுநாள் அவருடைய காலையில், அதாவது நமக்குப் பதினொன்றரை, பன்னிரண்டரைக்கு. நீங்கள் காலை எட்டரைக்குத் தெளிந்த தலையோடு எழுதினாலும் அதே நேரத்தில்தான் படிப்பார். இதில் உங்கள் கம்பெனிக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அமெரிக்க பையர் விஷயம் வேறு, நமக்கு இரவு என்றால் அவர்களுக்கு வேலை நேரம். அதற்கு முறை போட்டு, வாரத்தில் இன்னின்ன நாள் இன்னார் பார்ப்பது என்று எம்டியிடம் கேளுங்கள். ‘எனக்கு முடியவில்லை’ என்று போய் நிற்காமல், இன்னின்ன மெயிலுக்குக் காலையில் பதில் போதும், இதற்கு மட்டும் இரவில் ஆள் வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோங்கள். மாட்டேன் என்றால், வேறு கம்பெனி தேடுவதா என்பதை அப்போது நிதானமாக யோசிக்கலாம்.

வேலை முடித்துக் கிளம்பும் முன் நாளைக்கு முதலில் செய்ய வேண்டிய மூன்றை ஒரு டைரியில் எழுதி டிராயரில் வையுங்கள். போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்குங்கள். படபடப்பு வரும்போது உட்கார்ந்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாவதுதான் முக்கியம். யோகா வகுப்பில் சேர நேரமில்லை என்கிறீர்கள், சேர வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே உங்கள் சர்க்கரை, அழுத்தம், தூக்கம் மூன்றுக்கும் வேலை செய்யும்.

மனநல மருத்துவரிடம் போவது

போங்கள், இந்த வாரமே. தனியார் வேண்டாம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். கம்பெனிக்குத் தெரியுமா என்ற பயம் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்கள் சம்மதமில்லாமல் முதலாளியிடம் சொல்ல மருத்துவருக்கு உரிமை கிடையாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. உடல் நோய்க்கு இணையாக மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வெறுமனே மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் கட்டணத்தை நம் பாலிசிகள் பெரும்பாலும் எந்த நோய்க்கும் தருவதில்லை, அது வேறு கதை. புதிய பாலிசி எடுக்கும்போது மட்டும் சிகிச்சையை மறைக்காதீர்கள். மறைத்தால் பிறகு வேறு எதற்காவது கிளைம் போடும்போதும் அதைக் காட்டி மறுக்கலாம்.

அங்கே போனால் எல்லோருக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை என்பதும் தவறு. பேச்சு வழியான சிகிச்சையே போதுமாக இருக்கலாம். பயம் வரும்போது மனம் என்ன சொல்கிறது என்பதைப் பிடித்து, அது சரிதானா என்று சோதித்துப் பழகும் முறை அது. மருந்து கொடுத்தால், அது அல்பிரசோலம் மாதிரி போட்டவுடன் சொக்கவைக்கும் வகையாக இருக்காது. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். முதல் வாரம் வயிறு கொஞ்சம் புரட்டும், அதற்குள் ‘இது ஒத்துக்கலை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டுவிடாதீர்கள், போன் செய்து கேளுங்கள்.

மனைவியைக் கூட்டிப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூட்டிப் போங்கள். ஆனால் முதல் பத்து நிமிடம் தனியாக உள்ளே போய், கட்டிங், மாத்திரை, நான்காம் பக்கத்து வரி மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் இதுவரை எடுத்த ரிப்போர்ட் அத்தனையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு எக்கோவுக்குச் செலவு செய்யாமல் தப்பிக்கலாம்.